ஆய்விதழ்க் கட்டுரையின் துணைநூற்பட்டியலில் தமிழ் நூல்களையும் தமிழ்ப் பெயர்களையும் எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கி, ஆங்கிலத்தில் வெளிவரும் சமூக அறிவியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகம்) மேற்கோள் கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி இல்லை, சரிசெய்து மீண்டும் அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்கள். பட்டியலில் பாதி தமிழ் நூல்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏபிஏ முறைக்கு மாற்றித் தரும் மென்பொருள் எது என்று கேட்கிறீர்கள். மென்பொருளின் பெயர்தான் வேண்டும் என்றால் ஒரு வரியில் முடிந்துவிடும்: ஜோட்டேரோ, இலவசம், அதுவே போதும். ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு. மேலைநாட்டுப் பெயர்களையும் நூல்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகளுக்குள் உ. வே. சா. பதிப்பையும் தொல்காப்பிய நூற்பாவையும் தலைப்பெழுத்து வைத்த நம் பெயர்களையும் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் அது. எந்த மென்பொருளாலும் இதைத் தீர்மானிக்க முடியாது. நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நெடுநாளாகச் சமூக அறிவியல், வரலாற்று இதழ்களுக்குப் பிரதி திருத்திவருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வந்திருப்பது நிராகரிப்பு அல்ல. கட்டுரை பதிப்பாசிரியர் கைக்குப் போவதற்கு முன், சொல் எண்ணிக்கை, ஆசிரியர் பெயர் நீக்கிய படி, படங்களின் தரம், மேற்கோள் முறை ஆகியவற்றை அலுவலகத்தில் ஒருவர் சரிபார்ப்பது வழக்கம். அந்தப் படியில்தான் உங்கள் கட்டுரை நின்றிருக்கிறது. ஆய்வின் தரத்தை இன்னும் யாரும் எடைபோடவில்லை. எல்சவியர் போன்ற பதிப்பகங்களின் பல இதழ்கள், முதல் சமர்ப்பிப்பில் எந்த முறையாக இருந்தாலும் சீராக இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் இதழ் அப்படி அல்ல போலிருக்கிறது. அவர்களுடைய ஆசிரியர் வழிகாட்டியை முழுமையாகப் படியுங்கள். பிறகு அண்மை இதழில் வந்த இரண்டு கட்டுரைகளின் துணைநூற்பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஏ என்று பெயர் சொல்லிவிட்டுத் தங்களுக்கென்று சில மாற்றங்கள் வைத்திருக்கும் இதழ்கள் உண்டு. கையேடும் இதழின் வழிகாட்டியும் முரண்பட்டால் வழிகாட்டி சொல்வதே செல்லும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

உங்கள் ஆய்வேடு அடிக்குறிப்பு முறையில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 'மேலது', 'முற்காட்டிய நூல்' எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பழக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை, அது வேறு மரபு, அவ்வளவுதான். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடும் முறைக்கு, ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் மார்க் 1881இல் எழுதிய கட்டுரையைத் தொடக்கமாகச் சொல்வார்கள். எண் இடும் வான்கூவர் முறை, மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978இல் அந்த நகரில் கூடிப் பேசியதிலிருந்து வந்தது. உளவியலாளர்களின் ஏபிஏ முறை ஆசிரியர்-ஆண்டு மரபைச் சேர்ந்தது. அதில் 'மேலது' என்பதற்கு இடமே கிடையாது. ஒவ்வொரு முறையும் பெயரையும் ஆண்டையும் எழுத வேண்டும், நேர் மேற்கோளாக இருந்தால் பக்க எண்ணும் வேண்டும். ஆகவே உங்கள் வேலை நிறுத்தற்குறிகளை மாற்றுவதோடு முடியாது. அடிக்குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு சான்றையும் வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

என்னிடம் வரும் கட்டுரைகளில் அடிக்கடி பார்ப்பது ஏபிஏ ஆறாம் பதிப்பும் ஏழாம் பதிப்பும் கலந்த கலவை. ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. அதன்படி நூல் வெளியான ஊரை எழுத வேண்டியதில்லை. நாம் வழக்கமாக எழுதும் 'சென்னை:' போய்விடும், பதிப்பகத்தின் பெயர் மட்டும் நிற்கும். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எழுதிய கட்டுரை என்றால் முதல் முறை சுட்டும்போதே முதல் ஆசிரியரோடு 'மற்றும் பிறர்' என்பதற்கான சுருக்கம் வந்துவிடும். பட்டியலில் இருபது ஆசிரியர்கள் வரை எல்லோர் பெயரையும் எழுத வேண்டும். பழைய பதிப்பில் இந்த வரம்பு ஏழுதான். இணையத்தில் ஒரு கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐ எண்ணை முழு இணைய முகவரியாக எழுதி, இறுதியில் முற்றுப்புள்ளி இடாமல் விட வேண்டும். இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் தேவையே இல்லை. அதைச் சேர்த்தால் கட்டுரைக்குக் கனம் கூடும் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை, நம் ஊர்க் கட்டுரைகளில் அது தவறாமல் வருகிறது.

மென்பொருளுக்கு வருகிறேன். ஜோட்டேரோ, மெண்டலி, எண்ட்நோட் எல்லாமே ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் என்று தனித்தனிக் கட்டங்களில் நீங்கள் நிரப்பியதை எடுத்து, கேட்ட முறையில் அடுக்கிக் கொடுக்கின்றன. கட்டத்தில் இருப்பது தவறு என்றால், தவறு அழகாக அடுக்கப்பட்டு வெளியே வரும். கூகுள் ஸ்காலரிலிருந்து ஒரு சொடுக்கில் இறக்கும் பதிவுகளில் பக்க எண் விட்டுப்போவதும், தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருப்பதும், பதிப்பாசிரியர் ஆசிரியராக மாறியிருப்பதும் அன்றாடம். டிஓஐ எண்ணைக் கொடுத்து இறக்கினால், அந்த எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பில் பதிப்பகம் பதிந்துவைத்த தகவல் வரும். அது பெரும்பாலும் மேல். எதுவானாலும் கட்டுரையின் முதல் பக்கத்தையோ நூலின் தலைப்புப் பக்கத்தையோ பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒரு சின்ன உபாயம்: ஆங்கிலத் தலைப்புகளை முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து இட்டுச் சேமியுங்கள். அதிலிருந்து மற்ற முறைக்கு மென்பொருளால் மாற்ற முடியும். எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது.

இனி பெயர்கள். உங்கள் பட்டியல் திரும்பி வந்ததற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கும். ஏபிஏ குடும்பப் பெயரை முன்னால் வைத்து, காற்புள்ளி இட்டு, மற்றவற்றைத் தலைப்பெழுத்தாக்கச் சொல்கிறது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்தும் இட்ட பெயரும். இட்ட பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் வைத்து, தலைப்பெழுத்தைப் பின்னால் போட வேண்டும். க. கைலாசபதி பட்டியலில் 'கைலாசபதி, க.' ஆவார். அவருடைய ஆங்கில நூலை உலகெங்கும் இப்படித்தான் சுட்டுகிறார்கள். நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரின் பெயரில் 'எஸ்' தந்தை சுப்பிரமணிய ஐயரைக் குறிப்பது. மேலைநாட்டார் அதை விரித்து முதற்பெயர் ஆக்கி, சந்திரசேகரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். காரணம் தவறு, விளைவு சரி: பட்டியலில் அவர் சந்திரசேகராகவே நிற்கிறார்.

தலைப்பெழுத்தைப் பின்னால் விரித்து எழுதும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. மு. செல்வி என்பவர் கடவுச்சீட்டின்படி 'செல்வி முருகன்' என்று கட்டுரை வெளியிட்டால், தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து 'முருகன், செ.' என்று பதிந்துவிடும். அப்பா ஆய்வாளர் ஆகிவிடுவார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெயருக்கு நடுவே 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்ற சுருக்கம் வரும். அதற்குப் பின்னால் இருப்பது தந்தை பெயர். சரியான வழி, அந்த ஆசிரியர் தன் மற்ற கட்டுரைகளில் எப்படிச் சுட்டப்பட விரும்புகிறார் என்று பார்ப்பது. ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் அவருக்குப் பக்கம் இருந்தால் அங்கே தெரியும். தெரியவில்லை என்றால் இதழின் பதிவில் இருப்பதையே பின்பற்றுங்கள். அப்போதுதான் வாசகர் தேடினால் கிடைக்கும். ஒரே ஆசிரியர் இரண்டு கட்டுரைகளில் இரண்டு விதமாகப் பெயர் போட்டிருந்தால் ஒன்றாக்காதீர்கள். அந்தந்தக் கட்டுரையில் இருப்பதுபோலவே விடுங்கள். உங்கள் சொந்தப் பெயரையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முதல் கட்டுரையில் எப்படிப் போடுகிறீர்களோ அதுதான் உங்களைத் துரத்தும்.

சாதிப் பட்டம் ஒட்டிய பழைய பெயர்கள் தனிச் சிக்கல். உ. வே. சாமிநாதையரின் உகரம் உத்தமதானபுரம் என்ற ஊர், வேகாரம் தந்தை வேங்கடசுப்பையர். ஆங்கிலத்தில் பட்டத்தைப் பிரித்து எழுதியதும் மென்பொருள் 'ஐயர்' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். பட்டியலில் 'ஐயர், உ. வே. சா.' என்று வரும். தமிழ் படித்த எவரும் அவரை ஐயரின் கீழ் தேட மாட்டார்கள். 'சாமிநாதையர், உ. வே.' என்று வைப்பதே சரி என்பது என் கருத்து. ஜோட்டேரோவில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் 'சாமிநாதையர்' என்று முழுவதையும் இட்டுவிடுங்கள். எஸ். வையாபுரிப் பிள்ளைக்கும் இதே முறைதான். எல்லா இதழும் இதை ஒப்புக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். பட்டத்தை முன்னால் வைக்கும் வழக்கமும் மேலைநாட்டு நூல்களில் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுவதும் அதிலேயே நில்லுங்கள்.

தமிழ்த் தலைப்புகளை ஆங்கில இதழில் தமிழ் எழுத்தில் இட முடியாது என்பதில்லை, ஆனால் ஏபிஏ கேட்பது ஒலிபெயர்ப்பு. நூலின் பெயரை உரோமன் எழுத்தில் தந்து, அதற்கு அருகே சதுர அடைப்பில் ஆங்கிலப் பொருளைத் தர வேண்டும். ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியான தமிழ் லெக்சிகனின் முறையைப் பின்பற்றுவது தமிழியலில் நிலைத்த வழக்கம். ழகரம், றகரம், னகரம் மூன்றும் அடிக்கோடு இட்ட எழுத்துகளால் வேறுபடும். நூலகப் பட்டியல்களும் ஏறக்குறைய இதையே பின்பற்றுவதால் வாசகர் தேடி எடுக்க வசதி. சமூகவியல் இதழ்கள் சில இந்தக் குறிகளை விரும்புவதில்லை. குறியில்லாத எளிய எழுத்துகளைக் கேட்கின்றன. ஆசிரியர் குழுவுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடலாம். நான் கையாளும் முறை இது: ஆங்கிலத்திலும் எழுதிய ஆசிரியர் என்றால் பெயர் அவர் எழுதியபடி, நூல் தலைப்பு லெக்சிகன் முறைப்படி. இரண்டையும் கலந்து, ஒரே சொல்லைப் பக்கத்துக்கு ஒரு விதமாக எழுதுவதுதான் மதிப்பாய்வாளருக்கு எரிச்சல் மூட்டுவது.

எழுத்துரு பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய குறிப்புகளைப் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ தட்டச்சு செய்திருந்தால், இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். உங்கள் கணினியில் நன்றாகத் தெரிவதால் உங்களுக்குத் தெரியவே வராது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

பழம்பதிப்புகளில் ஆண்டுதான் பொறி. பாரதியார் நூல்கள்போல நாட்டுடைமையாக்கப்பட்டவற்றைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டையும் பதிப்பகத்தையும் எழுதுங்கள். முதற்பதிப்பின் ஆண்டு வாதத்துக்கு முக்கியம் என்றால் சுட்டும்போது இரண்டையும் சாய்கோடு இட்டுத் தரலாம், ஏபிஏ அதை அனுமதிக்கிறது. சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும். அதிலிருந்து 31 கழித்தால் பொது ஆண்டு. அதைவிடப் பழையவற்றில் வருடப் பெயர் மட்டுமே இருக்கும். ஜய வருடம் என்று இருந்தால் அது 1894-95ஆகவும் இருக்கலாம், 1954-55ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் அச்சகம், முகவுரை, ஆசிரியர் காலம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வருடம் சித்திரையில் தொடங்குவதால் தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட நூல் என்றால் அடுத்த ஆங்கில ஆண்டு வந்துவிடும். நீங்கள் ஊகித்த ஆண்டு என்றால் அது ஊகம் என்று தெரியும்படி எழுதுங்கள்.

சங்கப் பாடலுக்குப் பக்க எண் போதாது. பாட்டு எண்ணே வேண்டும். 'யாதும் ஊரே' எந்தப் பதிப்பிலும் புறநானூறு 192தான், உ. வே. சா. 1894இல் பதிப்பித்ததிலிருந்து நேற்று வந்த மலிவுப் பதிப்பு வரை பக்கம் மாறுமே தவிர எண் மாறாது. வரிக்குள் நூற்பெயரும் பாட்டு எண்ணும், தேவையானால் அடி எண்ணும். பட்டியலில் நீங்கள் பயன்படுத்திய பதிப்பு, பதிப்பாசிரியர் பெயரின் கீழ். திருக்குறளுக்குக் குறள் எண். தொல்காப்பியத்தில் மட்டும் கவனம்: இளம்பூரணர் உரைக்கும் நச்சினார்க்கினியர் உரைக்கும் நூற்பாக்களைப் பிரிக்கும் விதம் சில இடங்களில் வேறுபடுவதால் எண்ணும் வேறுபடும். யாருடைய உரைப் பதிப்பு என்று சொல்லாமல் நூற்பா எண் கொடுத்தால் பயனில்லை. உரையாசிரியர் சொன்ன விளக்கத்தை எடுத்தாண்டால் அவரையே சுட்டுங்கள், மூல நூலை அல்ல. புறநானூற்று வரிகளை ஹார்ட்டும் ஹெய்ஃபெட்ஸும் 1999இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தந்திருந்தால் பட்டியலில் வர வேண்டியது அந்த மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றால் அதையும் ஒரு குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

மதுரைத் திட்டம், 'நூலகம்' ஆகிய இணையத்தளங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றிலிருந்து எடுத்தவற்றில் இரண்டு வகை உண்டு. அச்சு நூலின் படப்பிரதி என்றால் அந்த அச்சு நூலைச் சுட்டி, இணைய முகவரியைச் சேருங்கள். பக்க எண் அச்சு நூலில் உள்ளதே. யாரோ தட்டச்சு செய்த பாடம் என்றால் அது தனிப் பதிப்பு. அதை அச்சு நூல்போலச் சுட்டுவது நேர்மையல்ல. தட்டச்சில் ஒரு சீர் விழுந்திருந்தால் பழி உங்கள் தலையில் விழும்.

படிக்காததைப் படித்ததாகச் சுட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். சிம்கினும் ராய்சௌத்ரியும் 2003இல், துணைநூற்பட்டியல்களில் ஒரே அச்சுப்பிழை கட்டுரைக்குக் கட்டுரை தாவுவதைக் கணக்கிட்டு, மூலத்தைப் படித்துச் சுட்டுபவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் என்று மதிப்பிட்டார்கள். அது ஒரு மாதிரியை வைத்துச் செய்த மதிப்பீடு, எல்லாத் துறைக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிழை தாவுவதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைவிட வேடிக்கை, எல்சவியர் தன் ஆசிரியர் வழிகாட்டியில் மாதிரிக்காகக் கொடுத்த, உண்மையில் இல்லாத ஒரு கட்டுரையை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் தம் பட்டியலில் சேர்த்திருந்தன. பெரும்பாலும் மாநாட்டுக் கட்டுரைகள், மாதிரி வரியை அழிக்க மறந்ததன் விளைவு. மூலம் கிடைக்கவில்லை, வேறொருவர் நூலில்தான் மேற்கோளைப் பார்த்தீர்கள் என்றால் அப்படியே எழுத ஏபிஏவில் வழி இருக்கிறது: வரிக்குள் மூல ஆசிரியர் பெயரும் அவரை எடுத்துக்காட்டிய நூலும், பட்டியலில் நீங்கள் படித்த அந்த நூல் மட்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் பட்டியலைக் கொடுத்து ஏபிஏ ஆக்கித் தரச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். நிறுத்தற்குறியை அது ஒழுங்காகத் திருத்தக்கூடும். ஆனால் விட்டுப்போன பக்க எண்ணையும் டிஓஐ எண்ணையும் கேட்காமலே இட்டு நிரப்பிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. நியூயார்க்கில் அது புனைந்து தந்த வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். டிஓஐ எண்கள் வேண்டுமென்றால் கிராஸ்ரெஃபின் தேடல் பக்கத்தில் பட்டியலை ஒட்டினால் கிடைக்கும். ஒவ்வொன்றையும் சொடுக்கி, அதே கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் பட்டியலில் இருந்தால் ஜோட்டேரோ சிவப்பில் எச்சரிக்கும். அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மேலே சொன்னவற்றில் ஏபிஏ விதிகள், யூனிகோடு, பாட்டு எண் ஆகியவை உறுதியானவை. பட்டம் ஒட்டிய பெயர்கள், ஒலிபெயர்ப்பின் குறிகள் ஆகியவற்றில் இதழுக்கு இதழ் வழக்கம் வேறு. நான் சொன்னது என் தேர்வு. சட்ட இதழ்களும் மருத்துவ இதழ்களும் என் வேலைப் பரப்பில் இல்லை. அங்கே அனுப்புபவர்கள் அந்தத் துறையாரைக் கேட்பது நல்லது.

எல்லாம் முடிந்தபின், வரிக்குள் வரும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வரிக்குள் வருகிறதா என்று தாளில் அச்செடுத்து, பென்சிலால் குறியிட்டுப் பாருங்கள். மேற்கோள்கள் ஜோட்டேரோவோடு இணைந்திருக்கும் கோப்பை உங்களிடம் வைத்துக்கொண்டு, இணைப்பு நீக்கிய படியை அனுப்புங்கள். அதே கட்டுரை எண்ணின் கீழ் ஏற்றுங்கள்; புதிய சமர்ப்பிப்பாகப் போட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். தமிழ்ப் பெயர்களிலும் பழம்பதிப்புகளிலும் என்ன முறை பின்பற்றினீர்கள் என்பதை உடன் அனுப்பும் கடிதத்தில் மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். பிரதி திருத்துபவர் அதைப் பார்த்துவிட்டால் 'சாமிநாதையர்' என்பதை 'ஐயர்' என்று மாற்ற மாட்டார்.